304 பட்டையில் ட்ரில் பிட் நிற்கவே மாட்டேன் என்கிறது, எதை வாங்கலாம்?

கொழிஞ்சாம்பாறை வெல்டர்

எல்லோருக்கும் வணக்கம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சின்னதாக ஒரு வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், கிரில், தோப்பு மோட்டார் ரூமுக்குக் கதவு, இதுதான் வழக்கமான வேலை. இரும்பில் ஓட்டை போடுவது எனக்கு ஒரு விஷயமாகவே இருந்ததில்லை. இப்போது பால் சொசைட்டி ஒன்றுக்கு ஸ்டெயின்லெஸ் மேஜையும் கேன் வைக்கும் ஸ்டாண்டும் செய்யும் ஆர்டர் வந்திருக்கிறது. 304 ரக ஸ்டெயின்லெஸ், 5 எம்எம் பட்டை. எம்8 போல்ட் போவதற்கு 9 எம்எம் ஓட்டை வேண்டும். சில இடங்களில் எம்8 டேப் அடித்து மரை போட வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், பிட் பாதி வரை ஒழுங்காக இறங்குகிறது. அப்புறம் கீச்சென்று சத்தம், லேசாகப் புகை, அதோடு நின்றுவிடுகிறது. எவ்வளவு அமுக்கினாலும் ஓட்டையின் அடி பளபளவென்று ஆகிறதே தவிர ஒரு பொடி கூட வெளியே வருவதில்லை. எடுத்துப் பார்த்தால் நுனி நீலம் பாய்ந்து மழுங்கியிருக்கிறது.

என்னிடம் 13 எம்எம் கை ட்ரில்தான், பெஞ்ச் ட்ரில் கிடையாது. பிட் சாதாரண கறுப்பு எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்). இங்கே ஹார்ட்வேர் கடைச் சேட்டன் மஞ்சள் பூச்சுப் பிட்டை எடுத்து நீட்டி, டைட்டானியம், எதையும் துளைக்கும் என்கிறார். கோயம்புத்தூரில் கேட்டால் கோபால்ட் வாங்கு என்கிறார்கள், விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. எதை வாங்கட்டும்? கான்கிரீட் பிட்டில் கார்பைடு நுனிதானே இருக்கிறது, அதை வைத்து ஒரு கை பார்க்கலாமா?

பொள்ளாச்சி ஃபிட்டர்

கோபால்ட் எடுங்க நண்பா. எம்35 ரகம், நுனிக் கோணம் 135 டிகிரி. எங்கள் கம்பெனியில் ஸ்டெயின்லெஸ்ஸுக்கு வேறு எதையும் தொடுவதே இல்லை. மஞ்சள் பிட்டை மரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய டூல்ரூம்

தம்பி, ஃபிட்டர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் இப்போது நீங்கள் ஓட்டுகிற விதத்தில் கோபால்ட் பிட்டும் கருகும். கொஞ்சம் தாமதமாகக் கருகும், அவ்வளவுதான் வித்தியாசம். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனி டூல்ரூமில் முடி நரைக்கும்வரை நின்றவன் சொல்கிறேன், பிட் வாங்கும் முன்னால் மிஷினைத் திருப்பி அதில் ஒட்டியிருக்கும் தகட்டில் ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று, என்று பாருங்கள்.

கை ட்ரில் பெரும்பாலும் 2800 பக்கம் இருக்கும். 9 எம்எம் பிட்டை அந்த வேகத்தில் சுற்றினால் அதன் வெளி ஓரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 79 மீட்டர் ஓடுகிறது. எச்.எஸ்.எஸ். பிட்டுக்கு மைல்டு ஸ்டீலிலேயே, அதாவது சாதாரண இரும்பிலேயே, 25, 30 மீட்டர்தான் சரியான வேகம். 304 என்றால் 10 முதல் 15. அதாவது தாங்குவதைப் போல் ஐந்தாறு மடங்கு வேகத்தில் ஓட்டிவிட்டுப் பிட்டைக் குறை சொல்கிறோம்.

கணக்கு சுலபம். மீட்டரை 318ஆல் பெருக்கி, பிட் அளவால் வகுத்தால் ஆர்.பி.எம். கிடைக்கும். 304க்கு 12 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 9 எம்எம்முக்கு 424 வரும். 3 எம்எம்முக்கு 1272. இதே 9 எம்எம் மைல்டு ஸ்டீலில் 880 வரை போகலாம், அலுமினியத்தில் 2000க்கு மேலேயும் ஓடும். உங்கள் மிஷினின் முழு வேகம் 9 எம்எம்முக்கு அலுமினியத்தில்தான் ஏதோ கொஞ்சம் ஒத்துப்போகும்.

இரும்பில் இத்தனை நாள் எப்படி ஒப்பேறியது என்று கேட்பீர்கள். மைல்டு ஸ்டீல் சூட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். 304 வெப்பத்தைக் கடத்துவது அதில் மூன்றில் ஒரு பங்குதான். சூடு போக இடமில்லாமல் பிட் நுனியிலேயே உட்கார்ந்துவிடுகிறது.

அந்தப் பளபளப்புக்கு வருகிறேன். விஷயமே அங்கேதான் இருக்கிறது. 304ஐ வெட்டாமல் தேய்த்தால் தேய்த்த இடம் இறுகிவிடும். உங்கள் பட்டறையிலேயே பார்க்கலாம்: 304 பட்டையின் நடுவில் காந்தத்தை வைத்தால் ஒட்டாது, அதையே மடக்கி வளைத்த மூலையில் வைத்தால் லேசாக இழுக்கும். அடியும் வளைப்பும் பட்ட இடத்தில் உலோகத்தின் உள் அமைப்பே மாறி, கெட்டியாகிறது என்று அர்த்தம். பிட் ஒரு நொடி சும்மா சுற்றினாலும் ஓட்டையின் அடியில் இதேதான் நடக்கிறது. அப்புறம் நீங்கள் துளைக்கப் பார்ப்பது 304ஐ அல்ல, அதைவிடக் கடினமான ஒரு தோலை. மழுங்கின பிட்டை வைத்து அதில் மல்லுக்கட்டுவது கொத்தாத ஆட்டுக்கல்லில் மாவாட்டுகிற கதைதான்.

ஆகவே வேகத்தைக் குறையுங்கள், அமுக்கத்தைக் கூட்டுங்கள். நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். விசையை முழுக்க இழுத்துவிட்டு, பிட் உடைந்துவிடுமோ என்று கையைத் தளர்த்துவார்கள். ஸ்டெயின்லெஸ்ஸில் பிட்டை வைத்தால் முதல் சுற்றிலிருந்தே அது வெட்டிக்கொண்டிருக்க வேண்டும். பிட்டின் இரண்டு பள்ளத்திலிருந்தும் உலோகச் சுருள் வரவேண்டும். சுருள் நின்று பொடியாக வந்தாலோ, சத்தம் மாறினாலோ அதே நொடியில் பிட்டை வெளியே எடுங்கள். உள்ளே வைத்துக்கொண்டு யோசிக்காதீர்கள்.

விசையின் மேல் சின்னச் சக்கரம் இருந்தால் அதைத் திருகி வேகத்தைக் கட்டிப்போடலாம். ஆனால் கை ட்ரில் மெதுவாகச் சுற்றும்போது அதன் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், மோட்டார் சூடேறும். நாலு ஓட்டைக்கு ஒரு தரம் சும்மா முழு வேகத்தில் கொஞ்சம் ஓடவிடுங்கள். யாரிடமாவது இரண்டு கியர் உள்ள பேட்டரி ட்ரில் இருந்தால் இரவல் வாங்கி 1ஆம் கியரில் போட்டுப் பாருங்கள். அது 400, 500ஐத் தாண்டாது, இந்த வேலைக்கென்றே செய்த மாதிரி இருக்கும். கை ட்ரில்லோ பேட்டரி ட்ரில்லோ, சுத்தியல் படம் போட்ட பக்கத்தில் குமிழ் நிற்கிறதா என்று ஒரு தரம் பார்த்து, நின்றால் மாற்றிவிடுங்கள். சிரிக்காதீர்கள், நிறையப் பேருடைய பிட் அதில்தான் போகிறது.

பஞ்ச் ஓங்கி அடிக்க வேண்டாம். அந்த அடியே பிட் இறங்க வேண்டிய இடத்தை இறுக்கிவிடும். பிட் நழுவாத அளவுக்கு லேசாக ஒரு தட்டு போதும். முதலில் 3 எம்எம், அப்புறம் நேராக 9. நடுவில் 5, 7 என்று படிப்படியாகப் பெரிதாக்கினால் ஒவ்வொரு படியும் ஓர் இறுகிய வளையத்தை விட்டுப்போகும். அடுத்த பிட்டின் மூலைகள் மட்டும் அதில் மோதிச் சில்லுச் சில்லாக உதிரும். 3 எம்எம் எதற்கென்றால், பெரிய பிட்டின் நட்ட நடுவில் இரண்டு விளிம்பும் சேரும் இடத்தில் ஒரு சின்னக் கோடு இருக்கிறதே, அது வெட்டாது, உலோகத்தைப் பிசைந்து தள்ளும். அந்தக் கோட்டுக்கு வழி விட்டால் போதும். அதைவிடப் பெரிய வழி வேண்டாம்.

இப்போது பிட். கறுப்பு நிறம் வெறும் ஆக்சைடு, துருவைத் தள்ளிப்போடும், எண்ணெயைக் கொஞ்சம் பிடித்துவைக்கும். கடினத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மஞ்சள் பூச்சு உண்மையிலேயே டைட்டானியம் நைட்ரைடாக இருந்தால் நல்ல சரக்குதான், ஆனால் அது மேல்தோல் மட்டும். ஒரு தரம் சாணை பிடித்தால் நுனியில் போய்விடும். அடியில் இருப்பது மட்டமான ஸ்டீல் என்றால் பூச்சு என்ன செய்யும்? கோபால்ட் அப்படியில்லை, உள்ளும் புறமும் ஒரே உலோகம். எம்35இல் 5 சதவீதம் கோபால்ட், எம்42இல் 8. சூட்டில் கூர் விடாது. ஆனால் கோபால்ட் ஏற ஏற நொறுங்கும் குணமும் ஏறும். கையில் பிடித்து ஓட்டும் மிஷின் கொஞ்சமாவது ஆடும், அதனால் உங்களுக்கு எம்35 போதும். எம்42ஐ ஆடாமல் நிற்கும் பில்லர் ட்ரில் வைத்திருப்பவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், தண்டில் பொறித்திருப்பதைப் பாருங்கள். எச்.எஸ்.எஸ்.-கோ அல்லது எச்.எஸ்.எஸ்.-இ அல்லது எம்35 என்று இருக்க வேண்டும். அடிசன், மிராண்டா, டோட்டம் என்று நம் ஊரிலேயே நல்ல பெயர்கள் இருக்கின்றன. மொத்தப் பெட்டி வாங்க வேண்டாம். 3, 7, 9 மூன்று அளவில் இரண்டிரண்டு எடுங்கள், ஆர்டர் முடிந்துவிடும். 135 டிகிரி நுனியில் நடுக்கோட்டை இரண்டு பக்கமும் செதுக்கிக் குறைத்திருப்பார்கள். நுனியை நேராக முகத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் தெரியும். அப்படி இருந்தால் பிட் நழுவாது, அமுக்கமும் குறைவாகப் போதும்.

கான்கிரீட் பிட்டை மறந்துவிடுங்கள். அதில் இருப்பது கார்பைடுதான், ஆனால் இடித்துப் பொடியாக்குவதற்கான மழுங்கல் நுனி. ஸ்டெயின்லெஸ்ஸில் அது தேய்க்க மட்டும்தான் செய்யும். தேய்த்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

தென்னந்தோப்பு

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எண்ணெய் பற்றி யாரும் சொல்லவில்லையே? நான் வண்டியில் வடித்த பழைய இஞ்சின் ஆயிலைத்தான் விடுகிறேன். தேங்காய் எண்ணெய் விடலாம் என்று எங்கள் பக்கத்தில் ஒரு மெக்கானிக் சொல்கிறார். இங்கே அதற்குப் பஞ்சமில்லை.

மீனாட்சிபுரம் லேத்

பெரியவர் சொன்னது எல்லாம் சரி. இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

ஒன்று, நீலம் பாய்ந்த பிட்டை வைத்துக்கொண்டு போராட வேண்டாம், அதன் டெம்பர், அதாவது கடினம், போயிற்று, தூக்கிப் போடுங்கள்.

இரண்டு, சாணை பிடிக்கக் கற்றுக்கொள்ளாமல் இந்தத் தொழிலில் பிட்டுக்குச் செலவு செய்து மாளாது. கேஜ் வாங்க வேண்டியதில்லை. ஒரே அளவு அறுகோண நட்டு இரண்டை எடுத்து, பட்டைப் பக்கத்தோடு பட்டைப் பக்கம் ஒட்ட வைத்துப் பிடியுங்கள். சேரும் இடத்தில் ஒரு பள்ளம் தெரியும், அது சரியாக 120 டிகிரி. சாதாரண பிட்டின் நுனி 118. பிட்டை அந்தப் பள்ளத்தில் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எந்தப் பக்கம் இடைவெளி தெரிகிறதோ அந்தப் பக்கம் கோணம் தப்பு. இரண்டு விளிம்பும் ஒரே நீளம் இருப்பதுதான் முக்கியம். ஒன்று நீளமாக இருந்தால் 9 எம்எம் பிட் 9.5 ஓட்டை போடும். விளிம்புக்குப் பின்பக்கம் 10, 12 டிகிரி சரிய வேண்டும். சரியவில்லை என்றால் பிட்டின் முதுகுதான் ஜாப்பில், அதாவது துளைக்கிற பட்டையில், உட்காரும், விளிம்பு தொடவே தொடாது. புதிதாகச் சாணை பிடிக்கிறவர்கள் கோணத்தைவிட இதில்தான் கோட்டை விடுவார்கள்.

பழைய டூல்ரூம்

லேத்காரர் நட்டு விஷயத்தைச் சொன்னது நன்று, நானும் அப்படித்தான் பையன்களுக்குக் காட்டுவேன். ஆனால் நீலத்தைப் பார்த்துத் தூக்கிப் போடுவது பழைய கார்பன் ஸ்டீல் பிட்டுக்குத்தான் பொருந்தும். அதற்கு 250 டிகிரி தாண்டினாலே கடினம் இறங்கிவிடும். எச்.எஸ்.எஸ். 600 டிகிரி பக்கம் வரை தாங்கும். 1900இல் பாரிஸ் கண்காட்சியில் டெய்லர், ஒயிட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இந்த ஸ்டீலை முதன்முதலில் காட்டியபோது கூட்டம் வாய் பிளந்து பார்த்ததே அதைத்தான், உளியின் முனை சிவக்கச் சிவக்க வெட்டிக்கொண்டே இருந்தது. நீல நிறம் மட்டும் என்றால் பிட் செத்துவிடவில்லை. மூலைகள் உருண்டிருக்கும், அந்த உருட்டு முழுக்கப் போகும்வரை அரைத்துவிட்டால் இரும்பு வேலைக்கு இன்னும் எத்தனையோ நாள் வரும். அரைக்கும்போது கல்லில் சிவக்கவிட்டு டபக்கென்று தண்ணீரில் முக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், பிறகு மூலை உடையும். அதுபாட்டுக்கு ஆறட்டும்.

கார்பன் ஸ்டீலா எச்.எஸ்.எஸ்.ஸா என்று தெரியவில்லை என்றால் தண்டை லேசாகக் கல்லில் காட்டுங்கள். கார்பன் ஸ்டீல் வெள்ளையாக, பூவாகப் பொறி சிதறும். எச்.எஸ்.எஸ். மங்கலான சிவப்பில் கொஞ்சமாக விழும்.

எண்ணெய் கேட்டவருக்கு: இஞ்சின் ஆயில் உரசும் இரண்டு பாகத்தைக் காப்பாற்றுவதற்குச் செய்தது, வெட்டுமுனையின் அழுத்தத்துக்குச் செய்ததல்ல. வடித்த ஆயிலில் வேறு அழுக்கும் கரியும். தேங்காய் எண்ணெய் அதைவிட எவ்வளவோ மேல், கேலி இல்லை. கொழுப்பு எண்ணெய்கள் உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். முன்பெல்லாம் மேல்நாட்டில் பன்றிக் கொழுப்பு எண்ணெயை விட்டுத்தான் வெட்டினார்கள். மார்கழிக் காலையில் உறைந்து நிற்கும், அது ஒன்றுதான் தொந்தரவு. பத்து இருபது ஓட்டைக்கு அது போதும். தம்பிக்கு நிறைய ஓட்டை இருக்கிறது, கந்தகம் சேர்ந்த, தண்ணீர் கலக்காமல் விடும் நீட் கட்டிங் ஆயில் ஒரு லிட்டர் வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள், பால் வைக்கிற மேஜை. வார்ப்பிரும்பில் மட்டும் எண்ணெயே வேண்டாம். அதில் இருக்கும் கிராஃபைட்டே போதும், எண்ணெய் விட்டால் பொடியோடு சேர்ந்து பசையாகிவிடும்.

இன்னொன்று. 304 சுருள் நீளமாக வரும், கத்தி தோற்கும். கையுறை போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள், சுருள் கையுறையைப் பிடித்து இழுத்தால் விரலும் கூடவே போகும். கழுத்தில் துண்டும் வேண்டாம். சுருளை எடுக்கக் குறடு. ஜாப்பை இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், பிட் அடிப்பக்கம் வெளியே வரும்போதுதான் பிடித்து முறுக்கும்.

கொழிஞ்சாம்பாறை வெல்டர்

எல்லோருக்கும் நன்றி. தகட்டில் பார்த்தேன், 2800 என்றே இருக்கிறது! மச்சான் ஒருவன் ஏ.சி. மாட்டும் வேலை செய்கிறான், அவனிடம் பேட்டரி ட்ரில் வாங்கி 1ஆம் கியரில் போட்டேன். பிட் இன்னும் புதிது வாங்கவில்லை, இருந்த கறுப்புப் பிட்டையே நட்டு வைத்துப் பார்த்துச் சாணை பிடித்தேன். எண்ணெய்க்கு வீட்டில் இருந்த தேங்காய் எண்ணெய். முதல் ஓட்டையிலேயே இரண்டு பக்கமும் வெள்ளிச் சுருள் கட்டிக்கொண்டு வந்தது, சத்தமே இல்லை. புகை கொஞ்சம் வந்தது, அதைப் பார்த்து அம்மா யார் பட்டறையில் அப்பளம் பொரிக்கிறது என்று கேட்டார்.

கொஞ்ச ஓட்டைக்குப் பிறகு கூர் குறைவது தெரிகிறது, மறுபடி சாணை பிடிக்க வேண்டியிருக்கிறது. அதனால் சனிக்கிழமை கோயம்புத்தூர் போய் எம்35 எடுக்கப் போகிறேன். ஏற்கெனவே பளபளப்பான அந்தப் பாதி ஓட்டைகளை என்ன செய்வது? பட்டையைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து போடலாமா? அப்புறம் எம்8 டேப்புக்கு 6.8தானே? பெரியவர் 7 எழுதியிருக்கிறார்.

பழைய டூல்ரூம்

திருப்பிப் போடுவதுதான் வழி. பின்பக்கம் மையத்தைச் சரியாகக் குறித்துக்கொண்டு 3 எம்எம்மில் ஆரம்பியுங்கள். இறுகின தோல் மெல்லியதுதான், பின்னாலிருந்து வரும் பிட் நல்ல உலோகத்தில் பிடிமானத்தோடு வந்து அதை உடைத்துவிடும். புது எம்35இல் செய்யுங்கள், பழைய பிட்டில் வேண்டாம்.

டேப் விஷயத்தை லேத்காரரே சொல்லட்டும்.

மீனாட்சிபுரம் லேத்

புத்தகக் கணக்கு 6.8தான். இரும்பில் அப்படியே போடுங்கள். ஸ்டெயின்லெஸ்ஸில் 6.9 அல்லது 7 போட்டால் டேப்புக்கு வேலை கம்மி, மரையின் பலம் பெரிதாகக் குறையாது. மூன்று டேப் உள்ள செட்டாக வாங்கி வரிசையாக இறக்குங்கள், கட்டிங் ஆயில் தாராளமாக விடுங்கள். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால், சுருள் உடையும் சத்தம் கையில் தெரியும். இறுக்கமாக இருக்கிறதே என்று வலுக்கட்டாயமாகத் திருகினால் டேப் உள்ளே முறியும். முறிந்த டேப்பை ட்ரில் போட்டு எடுக்க முடியாது, அதுவும் எச்.எஸ்.எஸ்.தான்.

5 எம்எம் கனத்தில் எம்8க்கு நாலு மரைதான் கிடைக்கும். மேஜைக் காலை அடிக்கடி கழற்றி மாட்டுவார்கள் என்றால் பின்னால் நட்டு வைத்து வெல்ட் செய்துவிடுவது மேல். டேப்போ நட்டோ, ஸ்டெயின்லெஸ் போல்ட்டை ஸ்டெயின்லெஸ் மரையில் உலர்ந்தபடி வேகமாக முடுக்காதீர்கள். பாதியில் கவ்விப் பிடித்துக்கொண்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஆன்ட்டி சீஸ் பசை தடவுங்கள், பால் இடம் என்பதால் உணவுத் தரம் என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். இம்பேக்ட் டிரைவர் வேண்டாம், கை ஸ்பேனரே போதும்.